சிவிவி பொருந்தியது, பணம் திரும்பிப் போனது: ஒரு பட்டுச் சேலைக் கடையின் சார்ஜ்பேக் அனுபவம்

## பின்னணி

காஞ்சிபுரத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டுச் சேலை விற்கும் ஒரு கடை. 2020 ஊரடங்கில் கதவு சாத்திக் கிடந்தபோது இணையதளம் தொடங்கினார்கள். 2021இல் வெளிநாட்டு கார்டுகளையும் ஏற்க ஆரம்பித்தோம். மாதம் பன்னிரண்டு பதினைந்து ஆர்டர்கள் வெளிநாட்டிலிருந்து வரும். பெரும்பாலும் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள். தளத்தையும் மாதக் கணக்கையும் பார்த்துக்கொள்பவன் நான். கீழே எழுதியிருப்பது 2023 அக்டோபரில் தொடங்கி ஒரு வருடத்துக்கு இழுத்த சார்ஜ்பேக் விவகாரம், அதாவது கார்டுக்கு உரியவர் ‘நான் வாங்கவில்லை’ என்று சொன்னதால் வங்கி வழியாகப் பணம் கடையிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்ட கதை. கடைக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். கடை, பேமென்ட் கேட்வே (தளத்தில் கார்டுப் பணத்தை வாங்கிக் கடைக்குத் தரும் நிறுவனம்), கூரியர், வங்கி எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை.

உள்ளூர் கார்டுகளோடு பழகியதில் எங்களுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: பணம் வந்துவிட்டால் வந்ததுதான். அது ஒன்றும் முட்டாள்தனமான நம்பிக்கை இல்லை. ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்ட இரண்டாவது ஒரு சோதனையைக் கட்டாயமாக்கியது. அதனால் இங்கே ஒருவருடைய கார்டு எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் (சிவிவி) தெரிந்தால் மட்டும் போதாது, அவருடைய கைபேசிக்கு வரும் ஓடிபி போன்ற இன்னொன்றும் வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டக் கட்டாயம் கிடையாது. அங்குள்ள வங்கி கொடுத்த கார்டு நம் தளத்துக்கு வந்தால் கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி, மிஞ்சினால் பில்லிங் முகவரி (கார்டுக்கு உரியவர் வங்கியில் கொடுத்திருக்கும் முகவரி), இவ்வளவோடு முடிந்துவிடலாம். ஆனால் கடைக்காரரின் திரையில் இரண்டுக்கும் ஒரே பச்சை நிற ‘வெற்றி’தான் தெரியும்.

என் பங்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்வேயின் அமைப்புகளில் வெளிநாட்டு கார்டுகளுக்கு ‘3டி செக்யூர் கட்டாயம்’ என்று ஒரு தேர்வு இருந்தது. வாங்குகிறவர் கார்டுக்கு உரியவர்தானா என்று அவருடைய வங்கியே சோதித்துச் சொல்லும் முறை அது. 2022இல் அமெரிக்க வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், அந்தக் கட்டத்தில் பக்கம் நின்றுவிடுகிறது, பணம் கட்ட முடியவில்லை என்று எழுதினார்கள். தேர்வை அணைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அணைத்தால் யார் தலையில் என்ன விழும் என்று படித்துப் பார்க்கவும் இல்லை.

## அக்டோபர் 9: ஃபால்ஸ் மட்டும் வாங்கியவர்கள்

தளத்தில் ‘ஃபால்ஸ், பீக்கோ’ என்று 150 ரூபாய்க்கு ஒரு பொருள் இருந்தது. சேலையோடு சேர்த்துப் போட்டுக்கொள்வதற்கானது. ஆனால் தனியாகவும் வாங்க முடிந்தது. அனுப்ப ஒன்றும் இல்லாததால் கூரியர் கட்டணமும் சேராது. 9ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணி வாக்கில், நாற்பது நிமிடத்துக்குள், அதை மட்டும் 31 முறை யாரோ வாங்க முயன்றிருந்தார்கள். 29 தோல்வி, 2 வெற்றி. எல்லாம் வெளிநாட்டு கார்டுகள்.

காலையில் பேக்கிங் பார்க்கும் அக்கா அந்த இரண்டு ஆர்டரைப் பார்த்துச் சிரித்தார். “சேலையே இல்லாம ஃபால்ஸ் எதுக்குங்க?” தெரியாமல் அழுத்தியிருப்பார்கள், அடுத்த சேலையில் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். தோல்வியடைந்த 29 முயற்சிகளை அன்று யாருமே திறந்து பார்க்கவில்லை. தோல்வி என்றால் நெட்வொர்க் சரியில்லை என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

டிசம்பரில் கேட்வேயின் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. அந்த 31 முயற்சிகளும் ஒன்பது கார்டுகளில் நடந்தவை. 22 முயற்சிகள் சிவிவி பொருந்தவில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டவை. யாரோ எங்கள் கடையை வைத்துக் கார்டுகளைச் சோதித்திருக்கிறார்கள். எது உயிரோடு இருக்கிறது, எதற்கு எந்த மூன்று இலக்கம் என்று பார்க்க, 150 ரூபாயில் டெலிவரி இல்லாத ஒரு பொருளைவிட வசதியானது வேறென்ன இருக்கும்?

## நான்கு ஆர்டர்கள்

11ஆம் தேதி 21,400 ரூபாய்க்கு ஒரு சேலை. 13ஆம் தேதி 38,600. 16ஆம் தேதி 42,750. 18ஆம் தேதி 57,200. கூரியர் கட்டணம் உட்பட. நான்கும் வெவ்வேறு பெயர்கள், வெவ்வேறு கார்டுகள், எல்லாரும் புதியவர்கள். நான்கிலும் சிவிவி பொருந்தியது. பில்லிங் முகவரியும் பொருந்தியதாகத்தான் கேட்வே காட்டியது.

அடுத்த மாதம் 12ஆம் தேதி தீபாவளி. கடையில் நிற்க இடமில்லை. ஆர்டர் வருவதும் பெட்டி கட்டுவதும் கூரியர் பையன் வந்து எடுத்துப்போவதும் ஒரே மூச்சில் நடந்துகொண்டிருந்தன. அந்த நெரிசலில் கவனிக்காமல் விட்டவற்றைப் பிறகு உட்கார்ந்து எழுதினோம்.

பில்லிங் முகவரிகள் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் இருந்தன. பொருள் போகவேண்டிய முகவரி நான்குக்கும் டெலவேர் மாநிலத்தில், ஒரே தெருவில், ஒரே கட்டடம். அறை எண் மட்டும் மாறியது. அந்த மாநிலத்தில் விற்பனை வரி இல்லை. அதனால் பொருளை வாங்கி வைத்து வேறு நாடுகளுக்கு மாற்றி அனுப்பும் கிடங்குகள் அங்கே நிறைய உண்டு. அவை சட்டப்படி நடக்கும் தொழில்கள்தான். ஆனால் வேறு மாநிலத்தில் வீடு இருக்கும் நான்கு பேர் ஒரே வாரத்தில் அங்கே பட்டுச் சேலை கேட்பது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

நான்குமே 800 டாலருக்குக் கீழே. அப்போது அந்த அளவுக்குள் இருந்த பொட்டலங்களுக்கு அமெரிக்காவில் இறக்குமதி வரி கிடையாது (அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் இறுதியில் நின்றது). வரி இல்லையென்றால் சுங்கத்துக்காக யாரும் போன் செய்து பேசவேண்டிய அவசியமும் இல்லை. ஆர்டருக்கு ஆர்டர் தொகை ஏறிக்கொண்டே போனதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்டோம். ஒரு கதவு திறக்கிறது என்று தெரிந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்த்திருக்கிறார்.

## ஐந்தாவது ஆர்டரும் ஒரு கார்டு படமும்

20ஆம் தேதி ஐந்தாவது ஆர்டர் வந்தது, 64,300 ரூபாய். அதே கட்டடம். அதை நிறுத்தியது எந்த மென்பொருளும் இல்லை. ஃபால்ஸுக்குச் சிரித்த அதே அக்காதான்.

அவர் சொன்னது இதுதான்: “இவங்க யாருமே ப்ளவுஸ் பத்தி ஒண்ணும் கேக்கலையே.”

இதைப் பட்டு வியாபாரத்தில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அறுபதாயிரத்துக்குச் சேலை வாங்குகிற யாரும் பேசாமல் வாங்குவதில்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்புங்கள், பார்டர் அரக்கா குங்குமச் சிவப்பா, ப்ளவுஸ் துணி சேலையிலேயே சேர்ந்ததா, சுத்த ஜரியா டெஸ்டட் ஜரியா, சில்க் மார்க் இருக்கிறதா என்று பத்து கேள்வியாவது வரும். இந்த ஐந்து பேரும் சேர்த்து அனுப்பிய மின்னஞ்சல்கள் மொத்தம் ஆறு. ஆறிலும் ஒரே விஷயம்: அனுப்பியாச்சா, டிராக்கிங் எண் என்ன.

கடைக்காரர் அந்த ஐந்தாவது ஆளுக்கு எழுதினார்: பெரிய தொகை என்பதால் சரிபார்க்க வேண்டும், கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பத்தே நிமிடத்தில் படம் வந்துவிட்டது. கூடவே, இந்தக் கார்டில் சிக்கல் என்றால் வேறு கார்டில் கட்டுகிறேன், சேலையைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று ஒரு வரி. “பாருங்க தம்பி, கார்டு கையில இருக்கே” என்றார் கடைக்காரர். நானும் ஒரு நிமிடம் நம்பினேன்.

கார்டு எண்ணின் தொடக்க இலக்கங்கள் அதைக் கொடுத்த வங்கியைக் குறிப்பவை. படத்தில் ஒரு வங்கியின் சின்னம் இருந்தது. அந்த இலக்கங்களைத் தேடிப் பார்த்தால் வேறொரு வங்கி வந்தது. பெயர் அச்சிட்டிருந்த எழுத்தும் எண்களின் எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. யாரோ ஒரு வெற்றுக் கார்டு படத்தின்மேல் எண்ணைத் தட்டி எடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் அப்படிக் கேட்டதே தவறு என்பது பிறகுதான் உறைத்தது. கார்டு நிறுவனங்களின் பிசிஐ டிஎஸ்எஸ் விதிகளின்படி, பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு வணிகர் சிவிவியை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது, பூட்டி மறையாக்கம் செய்தும்கூட. நேர்மையான ஒரு வாடிக்கையாளர் அந்தப் படத்தை அனுப்பியிருந்தால், அவருடைய கார்டின் எல்லா ரகசியமும் எங்கள் கடை மின்னஞ்சல் பெட்டியில் கிடந்திருக்கும். படத்தை அழித்தோம். அன்றிலிருந்து யாரிடமும் கேட்பதில்லை.

## 21ஆம் தேதி எடுத்த முடிவுகள்

ஐந்தாவது ஆர்டரின் பணத்தை அன்றே முழுதாகத் திருப்பினோம். பொருள் கையில் இருக்கிறது, ரத்து செய்தால் நம் நஷ்டம் கேட்வே கட்டணம் மட்டும். காத்திருந்து சார்ஜ்பேக் வந்தால் அதற்கு ஒரு தண்டக் கட்டணமும் சேரும், கடையின் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழும்.

நான்காவது பெட்டி 19ஆம் தேதி கிளம்பி வழியில் இருந்தது. அதைத் திருப்ப கூரியரிடம் எழுதிக் கொடுத்தோம், திரும்பும் செலவு நம்முடையது என்ற உறுதியோடு. இதில் மட்டும் பணத்தை உடனே திருப்பவில்லை. நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பெட்டியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் இரண்டும் போகும். 25ஆம் தேதி பெட்டி திசை மாறியதை டிராக்கிங்கில் பார்த்த பிறகே ரீஃபண்ட் போட்டோம். தீபாவளி முடிந்து நவம்பர் 16 அன்று பெட்டி பிரிக்கப்படாமல் கடைக்கு வந்தது.

மீதி மூன்றுதான் கஷ்டமான கேள்வி. அவை 20ஆம் தேதிக்குள் டெலிவரி ஆகிவிட்டன. கேட்வேக்கு அன்றே எழுதினோம். மூன்று நாள் கழித்து வந்த பதில்: பரிவர்த்தனைகள் வெற்றி, சிவிவி பொருந்தியுள்ளது, எந்தப் புகாரும் வரவில்லை. அந்தப் பணத்தை நாங்களே திருப்பியிருக்கலாம். “யாரும் கேக்காம லட்ச ரூபாயை எப்படித் தர்றது?” என்றார் கடைக்காரர். நானும் ஒத்துக்கொண்டேன். ஒருவேளை உண்மையான ஆர்டராக இருந்தால் என்ற நப்பாசைதான், வேறு காரணம் சொன்னால் பொய்.

இப்போது யோசித்தால் ரீஃபண்ட் கொடுத்திருக்க வேண்டும் என்றே படுகிறது. சார்ஜ்பேக் கட்டணமும், இரண்டு மாதம் கடிதம் எழுதிய உழைப்பும், கேட்வேயிடம் கெட்ட பெயரும் இல்லாமல் போயிருக்கும். அதோடு, எங்கோ மூன்று பேர் தம் கணக்கில் காஞ்சிபுரத்துச் சேலைக்குப் பணம் போனதைப் பார்த்துப் பதறியிருப்பார்கள். அவர்களைப் பற்றி அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

## சார்ஜ்பேக் வந்தது

டிசம்பர் 5இல் முதலாவது, 12இல் இரண்டாவது, 2024 ஜனவரி 4இல் மூன்றாவது. வரிசை ஒன்றுதான்: கேட்வேயிலிருந்து மின்னஞ்சல் வரும், அடுத்த பட்டுவாடாவில் அந்தத் தொகை கழிந்திருக்கும், தலைக்கு 15 டாலர் கட்டணமும் கழிந்திருக்கும். பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம். முதல் இரண்டும் விசா, காரணக் குறியீடு 10.4, அதாவது கார்டு நேரில் இல்லாத மோசடி. மூன்றாவது மாஸ்டர்கார்டு, குறியீடு 4837, கார்டுதாரர் அனுமதிக்கவில்லை என்று.

ரீஃபண்ட் என்பது வணிகர் கொடுப்பது, சார்ஜ்பேக் என்பது வணிகரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவது. கார்டுதாரர் தன் வங்கியிடம் ‘இது நான் செய்ததில்லை’ என்கிறார். அமெரிக்காவில் சட்டம் ஒன்று, கிரெடிட் கார்டு முறைகேட்டில் கார்டுதாரரின் பொறுப்பை அதிகபட்சம் 50 டாலர் என்று வரையறுக்கிறது. நடைமுறையில் அந்த 50ஐயும் வாங்குவதில்லை. அவருடைய வங்கி அவருக்குப் பணத்தைத் தந்துவிட்டு, கார்டு நிறுவனத்தின் வழியாக கடையின் சார்பில் பணம் வாங்கிய வங்கியிடம் கேட்கிறது. அது கேட்வேயிடம், கேட்வே கடையிடம். புகார் எழுப்பப் பொதுவாக 120 நாள் இருக்கிறது. டெலிவரி முடிந்து, லாபத்தையும் எழுதி, நெசவாளருக்குக் கூலியும் கொடுத்து, எல்லாம் மறந்த பிறகு வருவதற்குப் போதுமான காலம்.

முதல் இரண்டுக்கும் பதில் கொடுத்தோம். பில், சிவிவி பொருந்திய பதிவு, முகவரி பொருந்திய பதிவு, கையெழுத்தோடு கூரியரின் டெலிவரி சான்று, மின்னஞ்சல்கள். எனக்கு அது அசைக்க முடியாத கட்டாகத் தெரிந்தது. இரண்டும் தோற்றன.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. கேள்வி, பொருள் போய்ச் சேர்ந்ததா என்பதில்லை. கார்டுதாரர் வாங்கினாரா என்பது. கார்டுதாரர் இருக்கும் இடத்திலிருந்து பல நூறு மைல் தள்ளி ஒரு கிடங்கில் யாரோ போட்ட கையெழுத்து, அவர் வாங்கவில்லை என்பதற்குத்தான் சான்று. முகவரி சோதனை பார்ப்பது பில்லிங் முகவரியின் வீட்டு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும்தான். பெட்டி எங்கே போகிறது என்பது அதன் வேலை இல்லை. கார்டு விவரத்தைத் திருடியவரிடம் வீட்டு முகவரியும் சேர்ந்தே இருந்திருக்கிறது.

மூன்றாவதை எதிர்க்காமல் ஒப்புக்கொண்டோம். அதே காகிதங்கள், அதே முடிவுதான் வரும். அடுத்த கட்டமான நடுவர் தீர்ப்புக்குப் போனால் தோற்றவர் கட்டவேண்டிய கட்டணம் சேலையின் லாபத்தைவிடப் பெரிது.

## அந்த மூன்று இலக்கம்

எங்கள் தோல்வியின் நடுவில் இருப்பது சிவிவி பற்றிய ஒரு தப்பெண்ணம். அது கடவுச்சொல் மாதிரி என்று நினைத்திருந்தோம். அதன் பிறப்பே வேறு. கார்டு எண், காலாவதி தேதி, இன்னொரு சிறு குறியீடு இவற்றை எடுத்து, வங்கி தன் ரகசியச் சாவியால் கணக்குப் போட்டு எடுக்கும் சில இலக்கங்கள். விசா, மாஸ்டர்கார்டில் பின்பக்கம் மூன்று, அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் முன்பக்கம் நான்கு. முக்கியமானது, அது காந்தப் பட்டையில் இருக்காது. பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ பட்டையைத் தேய்த்து நகலெடுத்தவருக்கு அது கிடைக்காது, அதனால் இணையத்தில் அந்த நகலைப் பயன்படுத்த முடியாது. வணிகர்கள் சேமிக்கக் கூடாது என்பதால், கடையின் பழைய தரவுகளைத் திருடினாலும் கிடைக்கக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் அது நன்றாகவே செய்கிறது.

ஆனால் தட்டச்சு செய்யும் நொடியிலேயே எடுப்பவனை அது தடுக்காது. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது அதுதான். பணம் கட்டும் பக்கத்தில் சில வரி நிரலைச் செருகி, பயணிகள் உள்ளிடுவதை அப்படியே வெளியே அனுப்பினார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. சுமார் 2,44,000 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, கார்டு எண், சிவிவி போயிருக்கலாம் என்று அந்த உத்தரவு சொல்கிறது. நிறுவனம் சிவிவியைச் சேமித்து வைக்காவிட்டாலும் இப்படி எடுக்கலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

திருடக்கூட வேண்டாம், ஊகித்தும் விடலாம். மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் வாய்ப்பு, அவ்வளவுதான். ஒரே கடையில் ஆயிரம் முறை முயன்றால் மாட்டிக்கொள்வார்கள். பல கடைகளில் சிலமுறை என்று பிரித்துப் போட்டால்? 2016இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். பல தளங்களில் ஒரே நேரத்தில் முயன்று, சில நொடிகளில் காலாவதி தேதியையும் சிவிவியையும் கண்டுபிடித்தார்கள். மாஸ்டர்கார்டின் வலையமைப்பு அதை விரைவில் கவனித்துத் தடுத்தது. விசாவுடையது அன்று வெவ்வேறு தளங்களின் தோல்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் தளத்தின் அந்த 22 பொருந்தாத முயற்சிகள் இப்படிப்பட்ட ஒரு தேடலின் துண்டாக இருந்திருக்கலாம். நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஆனால் அன்று ஜெயித்த இரண்டு கார்டுகளில் ஒன்றின் கடைசி நான்கு இலக்கங்களும் 11ஆம் தேதி சேலை வாங்கிய கார்டின் கடைசி நான்கு இலக்கங்களும் ஒன்று.

சிவிவி பொருந்தியது என்றால், உள்ளிட்டவருக்கு அந்த எண் தெரியும் என்று மட்டும் பொருள். அவர் யார் என்று அது சொல்வதில்லை. கார்டு நிறுவனங்களும் அதை அப்படித்தான் நடத்துகின்றன: சிவிவி பொருந்தியதால் மட்டும் மோசடியின் பொறுப்பு வணிகரை விட்டு நகராது. 3டி செக்யூரில் வங்கி உறுதிசெய்திருந்தால், பொதுவாக இந்த வகைப் புகாரின் பொறுப்பு அந்த வங்கிக்கே போகும். நான் அணைத்து வைத்திருந்தது அதைத்தான்.

## கணக்கு

மூன்று சார்ஜ்பேக்கில் போன தொகை 1,02,750 ரூபாய். அவற்றின் தண்டக் கட்டணம் சுமார் 3,750. திரும்பக் கிடைக்காத கேட்வே கட்டணம், ஐந்து ஆர்டருக்கும் ஜிஎஸ்டியோடு சேர்த்து, ஏறத்தாழ 7,900. நான்காவது பெட்டி போய்வந்த செலவு, திரும்பி வந்தது நாம் அனுப்பிய அதே சேலைதான் என்று சுங்கத்தில் காகிதம் காட்டியது உட்பட, 7,900. மொத்தம் 1,22,000க்குச் சற்று மேல்.

காப்பீடு கைகொடுக்கவில்லை. பாலிசி வழியில் தொலைவதற்கும் சேதத்துக்கும்தான். பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே! தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தோம். பொருளை எடுத்தவர் எந்த நாட்டில் என்றே தெரியாத நிலையில் ஒப்புகை எண்ணுக்குமேல் எதிர்பார்க்கவில்லை, கிடைக்கவும் இல்லை. ஆனால் பிறகு வங்கியிடம் அந்த எண் தேவைப்பட்டது. கேட்வே தன் பங்குக்கு, வெளிநாட்டுப் பட்டுவாடாவை ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளாக ஆறு மாதத்துக்குத் தள்ளிவைத்தது. தீபாவளிக்கு வாங்கிய நூலுக்கும் ஜரிக்கும் பணம் கட்டவேண்டிய நேரம் அது. நஷ்டத்தைவிட அந்த இழுபறிதான் கடைக்காரரை அதிகம் வாட்டியது.

## மாற்றியவை

வெளிநாட்டு கார்டுகளுக்கு 3டி செக்யூர் மீண்டும் கட்டாயமானது. 15,000 ரூபாய்க்கு மேல் விலக்கே இல்லை. பணம் கட்ட முடியாமல் நிற்பவர்கள் இப்போதும் உண்டு. அவர்களை நாங்களே கூப்பிட்டு, வேறு கார்டிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ கட்டச் சொல்கிறோம். 2024இன் முதல் ஆறு மாதத்தில் இதனால் கைநழுவிய ஆர்டர்கள் நான்கு. அந்த விலை பரவாயில்லை என்பது கடைக்காரரின் முடிவு.

ஃபால்ஸ் இப்போது சேலை இல்லாமல் விற்பதில்லை. ஒரே இடத்திலிருந்து மூன்று முறை கார்டு தோற்றால் அன்றைக்குக் கதவு சாத்திவிடும். தினமும் காலையில் வெற்றிகளோடு தோல்விகளையும் பார்க்கிறேன்.

புதியவர், பெரிய தொகை, பில்லிங் ஓரிடம் டெலிவரி வேறிடம் என்று மூன்றும் சேர்ந்தால் இரண்டு நாள் நிறுத்திவைத்து, வீடியோ காலில் சேலையை விரித்துக் காட்டுகிறோம். சரிபார்ப்பு என்று சொல்வதில்லை, நிறம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வோம். மகளுக்கு வேறு ஊரில் வளைகாப்பு, அங்கே நேராக அனுப்புங்கள் என்று கேட்கும் அம்மாக்கள் நிறையப் பேர். முகவரி வேறாக இருப்பதாலேயே அவர்களைச் சந்தேகிப்பது அநியாயம். பேசினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த அழைப்புகளைப் பேக்கிங் அக்காதான் பார்க்கிறார்.

2024 ஜூனில் இன்னொரு 10.4 வந்தது. எல்லாரும் ஆடிப்போனோம். பார்த்தால், ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிய ஒரு பெண்மணி. அவர் கணவர் கார்டு அறிக்கையில் கேட்வேயின் பெயரைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று தெரியாமல் வங்கிக்குப் போன் செய்திருக்கிறார். இதில் ஜெயித்தோம். விசா 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதி ஒன்று இந்த மாதிரி நிலைமைக்கென்றே இருக்கிறது: புகார் இல்லாத பழைய பரிவர்த்தனைகள் இரண்டு, 120 நாளுக்கு முந்தியவை, வாங்கியவரின் அதே ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), அதே டெலிவரி முகவரி என்று காட்டினால் பொறுப்பு மாறும். அவருடைய முந்தைய இரண்டும் 2023 ஆகஸ்டும் 2024 ஜனவரியும். அக்டோபர் திருட்டில் எல்லாரும் முதல்முறை வாங்கியவர்கள் என்பதால் இந்த விதி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரமே அறிக்கையில் கடையின் பெயர் வரும்படி மாற்றினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

## இன்னும் முடியாதது

சார்ஜ்பேக்கின் வால் ஏற்றுமதிக் காகிதத்தில் நீளும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பொருள் வெளிநாடு போனதற்கு ஷிப்பிங் பில் இருக்கிறது. அதற்கு ஈடான அந்நியச் செலாவணி வந்ததாக வங்கியில் பதிவாகி, பிறகு திரும்பிப் போயிருக்கிறது. வங்கியின் கண்காணிப்பில் அந்த மூன்று பில்லும் பணம் வராத ஏற்றுமதியாக நின்றன. தள்ளுபடி செய்ய வங்கி கேட்டது: சார்ஜ்பேக் கடிதங்கள், கேட்வேயின் உறுதிமொழி, சைபர் புகாரின் ஒப்புகை, ஆடிட்டரின் சான்று. கேட்வேயிடமிருந்து அந்தக் கடிதத்தை வாங்கவே மூன்று மாதம் ஆயிற்று.

முதல் இரண்டு பில்லும் 2024 செப்டம்பரில் மூடப்பட்டன. எதிர்க்காமல் ஒப்புக்கொண்ட மூன்றாவதுக்கு, ஏன் எதிர்க்கவில்லை என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டோம். அந்தக் கோப்பு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.